பிரேக் பிடித்தால் 'டொக்': எங்கள் பழைய 800-க்கு புஷ் மாற்றிய கதை

பழைய காரின் முன்பக்கத்தில் சத்தம் என்று பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "ஷாக் போயாச்சு சார்." எங்கள் மாருதி 800-க்கும் இதேதான் நடந்தது. தம்பி ஒரு பட்டறையில் விட்டுவிட்டு வந்தான், முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சத்தம் மட்டும் மாறவில்லை. கழற்றிய பழைய ஷாக்குகளைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை, அமுக்கும்போதும் இழுக்கும்போதும் ஒரே சீராக எதிர்த்தன. பாவம், அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வண்டி 2004 மாடல். எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைத் தெளித்துச் செலுத்தும்) எஞ்சின், 12 இஞ்ச் சக்கரம், எடை 650 கிலோ சொச்சம். குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் தக்கலைக்கும் நடுவே ஓடியே வயதாகிவிட்டது. மழை, மேடு பள்ளம், திரும்பத் திரும்ப ஸ்பீடு பிரேக்கர் என்று ஒரு சஸ்பென்ஷனுக்கு எது ஆகாதோ எல்லாம் எங்கள் பக்கத்துச் சாலைகளில் உண்டு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு முன்னால், எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. எங்கள் வண்டியில் குழியில் இறங்கும்போது பெரிதாக ஒன்றும் கேட்காது. மெதுவாகப் போய் பிரேக் பிடித்தால், நிற்கிற அந்தக் கணத்தில் காலுக்குக் கீழே ஒரு 'டொக்'. ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் பிடித்தால் இன்னொரு 'டொக்'. போதாததற்கு, 60-க்கு மேல் போனால் ஸ்டியரிங் தானாக இடமும் வலமும் மேயும். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம் திருத்துவது) செய்தால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிறகு மறுபடியும் பழைய கதை. முன் டயர்கள் ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தன. பிரேக்குக்கும் ரிவர்ஸுக்கும் சத்தம் வருகிறதென்றால் சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். ஷாக் பார்ப்பதோ மேலும் கீழுமான வேலை.

800-இன் முன்பக்கத்தை ஒருமுறை குனிந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு சக்கரத்தையும் கீழே பிடித்திருப்பது ஒரு லோயர் ஆர்ம். அதன் உள்முனையில் ஒரே ஒரு போல்ட், அதைச் சுற்றி ஒரு புஷ், அதாவது அசைவுக்கு இடம் கொடுக்கும் ரப்பர் உருளை. ஒற்றை போல்ட்டில் நிற்கும் ஆர்ம் முன்பின்னாக ஆடாமல் இருக்க வேறு ஒன்று தாங்க வேண்டும். பெரிய வண்டிகளில் ஆர்மே அகலமாக, இரண்டு இடத்தில் மாட்டியிருக்கும். 800-இல் அந்தப் பொறுப்பும் ஸ்டெபிலைசர் பாரின் (இரண்டு ஆர்மையும் இணைக்கும் வளைந்த கம்பி) தலையில்தான். வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் ஓடாமல் பிடிப்பதும் அதுதான். பாரின் முனை ஆர்மில் உள்ள ஒரு புஷ் வழியாக நுழைந்து நட்டில் முடியும். நடுப்பகுதியை பாடியோடு சேர்த்து இரண்டு ரப்பர் புஷ்கள் பிராக்கெட் போட்டுப் பிடித்திருக்கும். இந்த நாலில் ஏதாவது ஒன்று இளகினாலும் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் ஒரு விரல்கடை பின்னால் போய் வரும். விலையைப் பார்த்தால் மொத்த வண்டியிலேயே மலிவான சாமான்களில் ஒன்று, வேலையைப் பார்த்தால் இவ்வளவு.

எங்கள் ஊரில் லாரி வேலை பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். கார் அவர் துறை இல்லை, ஆனால் காது கெட்டிக்காரக் காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தவர், "மக்கா, இது ஷாக் இல்ல. அடில ஏதோ இளகிக் கெடக்கு, போய்ப் படுத்துப் பாரு" என்றார். படுத்தேன்.

முதலில் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) சரி. இரண்டு பக்கவாட்டில் பிடித்து ஆட்டினேன், டை ராடு எண்டும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) சரி. இப்படித் தூக்கி வைத்து ஆட்டும் சோதனையில் புஷ் பெரும்பாலும் அகப்படாது. தரையில் வண்டியின் பாரத்தோடு நிற்கும்போதுதான் அது குட்டை உடைக்கும். அதனால் தம்பியை உள்ளே உட்கார வைத்து, சமதரையில் முதல் கியரில் ஒரு முழம் நகர்த்திப் பிரேக், ரிவர்ஸில் ஒரு முழம் நகர்த்திப் பிரேக் என்று செய்யச் சொன்னேன். நான் எட்ட, பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயருக்கு முன்னால் இருக்கவே கூடாது, பக்கவாட்டில் மட்டும். வலது பக்கம் நிற்கும்போதெல்லாம் சக்கரம் 'சட்'டென்று பின்னால் போய், முன்னால் வந்தது. இடது பக்கம் அசைவு குறைவு, ஆனால் இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு சின்னக் கம்பியை பாருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே விட்டு நெம்பினேன். பார் அந்த ரப்பருக்குள் தொளதொளவென்று ஆடியது.

கழற்றிப் பார்த்தபோதுதான் சுவாரசியம். இரண்டு பக்கத்துப் புஷ்ஷும் கெட்டிருந்தன, ஆனால் கெட்ட விதம் வேறு வேறு. இடது லோயர் ஆர்ம் புஷ் வறண்டு, சுற்றிலும் வெடித்து, உள் குழாயை விட்டு ஒரு பக்கம் பிரிந்திருந்தது. விரல் நகத்தை விட்டால் உள்ளே போனது, கறுப்புத் தூள் கொட்டியது. வலது பக்கத்தில் வெடிப்பே இல்லை. மேலே எங்கோ கசிந்த எண்ணெய் சொட்டிச் சொட்டி, ரப்பர் ஊறிப் பருத்து, அமுக்கினால் பழுத்த அயனிச் சுளை மாதிரி அமுங்கியது. பாரின் நடு புஷ்களில் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருந்தது.

ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு எண்ணெய் விஷயம் புதிதல்ல. ரப்பர் ஷீட்டின் மேல் மண்ணெண்ணெயோ டீசலோ பட்டால் என்ன ஆகும் என்று பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ரப்பர் பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகைக்கூட்டில் காயவைத்து அனுப்புவதோடு எங்கள் வேலை முடிகிறது. அப்புறம் தொழிற்சாலையில் கார்பன் பிளாக் கலந்து கறுப்பாக்கி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, இரும்புக் குழாயோடு ஒட்டி புஷ் ஆக்கினாலும் அதன் பிறவிக் குணம் மாறுவதில்லை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறும். அதனால் புஷ் மாற்றுவதற்கு முன்னால் எண்ணெய்க் கசிவை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும். ஏற்றும்போது எளிதாக நுழைய வேண்டும் என்று எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவுவதும் இதே தப்புதான். சோப்புத் தண்ணீர் போதும். உள்ளே போனதும் காய்ந்துவிடும்.

கழற்றுவது பொறுமையைக் கேட்கிற வேலை. எங்கள் முற்றம் செம்மண், அதனால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை. முன்பக்கம் இரண்டையும் ஒன்றாகத் தூக்கி, சேஸிஸ் பகுதியில் ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், நட்டைக் கழற்றும்போது எகிறும். இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தொங்கினால் அது சாதுவாக இருக்கும்.

முந்தின நாளே எல்லா போல்ட்டிலும் துருநீக்கி அடித்து வைத்திருந்தேன். பிராக்கெட் போல்ட்டுகள் பாடியில் ஏறுகின்றன, முறிந்தால் பெரிய தொல்லை. நேரே கழற்றாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சிட்டிகை திருப்பி, பிறகு கழற்றுகிற பக்கம், மறுபடி கொஞ்சம் இறுக்கி என்று கொஞ்சிக் கொஞ்சி எடுத்தேன். பார் முனையில் காட்டர் பின் (நட்டு கழன்றுவிடாமல் பூட்டும் கம்பி ஊசி), நட்டு, வாஷர். பால் ஜாயின்ட் கிளாம்ப் போல்ட். கடைசியாக ஆர்மின் உள் போல்ட். இது வலது பக்கத்தில் புஷ்ஷின் உள் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருந்ததால் சுத்தியலுக்கு வேலை வந்தது.

புஷ்ஷை ஆர்மிலிருந்து தள்ள லேத் பட்டறையின் பிரஸ்தான் சரியான இடம். சில இடங்களில் தீ வைத்து ரப்பரை எரித்து எடுப்பார்கள். நாற்றமும் புகையும் ஒருபுறம் இருக்கட்டும், பக்கத்திலேயே பால் ஜாயின்ட்டின் பூட் (ரப்பர் உறை) இருக்கிறது, அது வெந்து போகும். நான் கொண்டுபோவதற்கு முன்பு பழைய புஷ் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து, ஆர்மிலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்தேன். லேத்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் அந்த அளவுக்குத்தான் ஏற்றிக் கொடுத்தார்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமே என்று தம்பி கேட்டான். அது கெட்டியானது, நீண்ட நாள் வரும், எண்ணெய்க்கும் அவ்வளவாகப் பயப்படாது, எல்லாம் சரி. ஆனால் 800-இல் பாரின் முனை ஒரே நேரத்தில் திரும்பவும் வேண்டும், சாயவும் வேண்டும், முன்பின் இழுப்பையும் தாங்க வேண்டும். அந்த இடத்தில் ரப்பரின் நெகிழ்வு தேவை. கெட்டியாக்கினால் அந்த அதிர்ச்சி பாடிக்கும் நம் முதுகுக்கும் வரும். போதாததற்குக் காய்ந்தால் கீச்சிடும். அவன் நாகர்கோவில் போய் கம்பெனி ரப்பரே வாங்கி வந்தான். செட் முழுவதும் சேர்த்தாலும் ஒரு ஷாக்கின் விலையில் பாதி வரவில்லை.

இனி நான் பட்டறைகளோடு சண்டை போடும் இடம். ஆர்ம் போல்ட்டை சக்கரம் தொங்கும்போதே முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் புஷ் வழுக்கிச் சுழலும் வகை அல்ல. உள் குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், வெளிக் குழாய் ஆர்மோடு இறுகி நிற்கும், நடுவில் உள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு அசைவு கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியைக் கீழே இறக்கினால், சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கும். குழியில் இறங்கும்போது இன்னும் முறுக்கேறும். நல்ல புஷ் சீக்கிரமே கிழிவதற்கு இது ஒன்று போதும். பிறகு "இப்ப வர்ற சாமான் எல்லாம் டூப்ளிகேட்" என்று கடைக்காரன் தலையில் பழி.

நான் எல்லா போல்ட்டையும் கைப்பிடி இறுக்கத்தில் விட்டு, பார் இரண்டு பக்கமும் ஒரே அளவு நீட்டியிருக்கிறதா என்று பார்த்து, சக்கரம் மாட்டி வண்டியை இறக்கினேன். முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி எழுப்பி உட்கார விட்டேன். முற்றத்திலேயே நகர்த்தி முன் சக்கரங்களைத் தடித்த பலகைகள் மேல் ஏற்றியதும், ஸ்பானர் நுழையும் அளவுக்கு அடியில் இடம் கிடைத்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அப்போதுதான் டார்க் ரெஞ்சை (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) எடுத்தேன். நட்டுக்குப் புது காட்டர் பின். பழையதை நிமிர்த்திப் போடுவதெல்லாம் நான்கு ரூபாய்க்கு உயிரை அடகு வைப்பது.

அடுத்து அலைன்மென்ட். 800-இல் முன்பக்கம் திருத்த முடிவது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) பற்றி யாராவது தனிப் பில் போட்டால் எங்கே திருத்தினீர்கள் என்று கேளுங்கள். கொஞ்சம் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை சரிபார்த்தேன், ஒரு பிராக்கெட் போல்ட் மட்டும் கால் சுற்று வாங்கியது.

பிரேக் பிடித்தால் இப்போது வண்டி சத்தமில்லாமல் நிற்கிறது. முன்பக்கம் அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு 'கிரீச்' தெளிவாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறது. பின் ஆக்ஸில் புஷ்களின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், கொஞ்ச தூரத்துக்குச் சத்தம் நின்றது. ரப்பர்தான். மழை விட்டதும் அந்தப் பக்கம் படுக்க வேண்டும்.