அந்த ஏழு பேர் யார் ஆட்கள்?

இந்தியில் ஒரு மாலை ஆராதனை வேண்டும் என்று எங்கள் சபைக் கமிட்டியில் பேசியபோது நான் காட்டிய ஆதாரம் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம். எருசலேமில் கிரேக்கு பேசியவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பகிர்வில், விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது, அப்போஸ்தலர் காது கொடுத்தார்கள், அந்த வேலைக்கு ஏழு பேரை வைத்தார்கள். இங்கே திருச்சியில் கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் பிள்ளைகள் கடைசி வரிசையில் பிரசங்கம் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கமிட்டியும் ஒத்துக்கொண்டது.

சில மாதம் கழித்து அவர்களில் ஒரு தம்பி அரைகுறைத் தமிழில் கேட்டான்: "ஐயா, அந்த ஏழு பேர் யார் ஆளுங்க?"

ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்த பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அவனிடமும் அப்படியே சொன்னேன்.

"அப்போ எங்கள்ல ஒருத்தர் கமிட்டில இருக்கலாமா?"

"பார்க்கலாம் தம்பி. முதல்ல தமிழ் நல்லா கத்துக்கோ."

இந்தப் பதில்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. அது தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கமிட்டி தமிழில் நடக்கிறது. கட்டடம் முடிந்தால் அவர்கள் வேறு ஊர் போவார்கள். கணக்கு வழக்கு, கல்லறைத் தோட்டம் எல்லாம் இங்கேயே இருப்பவர்கள் பார்க்க வேண்டியவை. சரி, ஆனால் அவனை நான் யாராக நினைத்தேன்? நாம் போய்ச் சுவிசேஷம் சொல்ல வேண்டிய ஒருவனாக. அவர்கள் பக்கத்து ராஞ்சிக்கு ஜெர்மனியிலிருந்து கோஸ்னர் மிஷனரிகள் வந்தது 1845-இல். அவன் தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பம் லுத்தரன். வீட்டில் பேசுவது குடுக், அதுவும் தமிழைப் போலத் திராவிட மொழி. நாங்கள் கொடுத்த இந்தி அவனுக்கும் பள்ளிக்கூடப் பாஷைதான்.

"தனி ஆராதனை கொடுத்தாச்சே, அப்புறம் என்னங்கய்யா?" என்றார் மூப்பர். காவிரிக் கரைச் சபைகளில் தனித்தனியாக உட்கார்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சாவூரில் பலர் எதிர்த்தார்கள். நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்தவர்கள் பக்கம்தான் நின்றார். அவரும் தான் செய்வது சரி என்றே நம்பியிருப்பார். இது சாதி இல்லை, மொழி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதிதான் நம்ப முடிகிறது.

கமிட்டித் தேர்தல் வருகிறது. அவன் பெயரை எடுத்தால் சபை உடையும் என்கிறார் மூப்பர். உடையாமல் இருக்கத்தானே ஏழு பேரை வைத்தார்கள் என்றேன். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றதும் சபை சிதறியதே என்றார். கல்லெறிந்தவர்கள் சபையார் இல்லை. ஆனாலும் சிதறியது உண்மை. அப்படிச் சிதறினவர்களில் சிலர்தான் அந்தியோகியாவுக்குப் போய்க் கிரேக்கரிடமும் பேசினார்கள். அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. சபை சிதறினாலும் பரவாயில்லை என்று ஒரு போதகன் சொல்லலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.