சயின்ஸ் எடுக்க பலூன், இங்கிலீஷுக்கு மியூட் பட்டன்
நாலாவது அஞ்சாவது எடுக்குற டீச்சர்ஸ் ஃபெட் (PhET) சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க, சயின்ஸ் சோதனைகளை ஸ்கிரீன்லயே செஞ்சு பாக்கலாம், கொலராடோ யுனிவர்சிட்டில 2002ல ஆரம்பிச்சது, முழுக்க ஃப்ரீ. அதுல பலூனை ஸ்வெட்டர்ல தேச்சா மைனஸ் குறியெல்லாம் (அதாவது நெகட்டிவ் சார்ஜ்) பலூனுக்கு ஓடி வர்றது கண்ணுக்கே தெரியும், அப்புறம் கைய விட்டா பலூன் போய் ஸ்வெட்டர்லயே ஒட்டிக்கும். எங்க ஊரு வெயில்ல ஸ்வெட்டருக்கு எங்க போறது, அதனால மொதல்ல சீப்பை தலைல தேச்சு பேப்பர் துண்டை தூக்க வெச்சிட்டு தான் ஸ்கிரீன் பக்கமே போவேன் (எண்ணெய் வெச்ச தலை இதுக்கு ஆகாது, ஆனா ஒருத்தனும் எண்ணெய் வெக்காம வரமாட்டான் 😄).

இங்கிலீஷுக்கு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர், பசங்க கதை படிக்கிற சைட். சின்ன பசங்க லெவல்ல பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி தான். ரீட்அலாங் வீடியோல வாசிக்க வாசிக்க வார்த்தை கலர் மாறும், ரெண்டாவது தடவை நான் மியூட் பண்ணிடுவேன், அப்ப தான் யாரு படிக்கிறா யாரு சும்மா வாய அசைக்கிறான்னு தெரியும்.

பாடப்புக்ல இருக்குற கியூஆர் கோடும் நல்ல ஐடியா தாங்க, ஆனா நெட் சுத்திட்டே இருந்தா அதுவரைக்கும் கிளாஸை யாரு சமாளிக்கிறது? ஃபெட்டை வீட்லயே டவுன்லோடு பண்ணி பென்டிரைவ்ல எடுத்துட்டு போயிடுங்க, நெட் இல்லாமலே ஓடும்.