எச்சில் பட்ட மேலங்கியும் எட்டு மாத வழக்கும்

லண்டனில் ஒரு நகரசபைப் பகுதியில் ஒன்பது ஆண்டுகளாக வாகனத் தரிப்பு அமலாக்க உத்தியோகத்தராகப் பணியாற்றி வருகிறேன். பணியிடத்தில் என் மீது எச்சில் துப்பி, இன வசை பேசிய ஒருவர் மீது முறைப்பாடு செய்து, அது நீதிமன்றத் தீர்ப்பில் முடியும் வரை நான் கடந்து வந்த எட்டு மாதங்களை இங்கே எழுதுகிறேன். இதே சீருடையில் வீதியில் நிற்கும் தமிழர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் ஒருவருக்காவது இது உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

அதற்கு முன்னர் நான் கேட்ட வசைகளுக்குக் கணக்கில்லை. ஆரம்ப ஆண்டுகளில் அவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் அலுவலகப் படிவத்தில் பதிந்தேன். அப்போதும் 'தகாத வார்த்தைகளால் ஏசினார்' என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொற்களை என் கையால் எழுதுவது, அவற்றை இன்னொரு முறை என் காதில் வாங்குவது போல இருந்தது. பின்னர் அந்த ஒரு வரியையும் எழுதாமல் விட்டேன். "அண்ணை, இதுக்கெல்லாம் ரிப்போட் எழுதினால் எழுதிக்கொண்டேதான் இருக்கோணும்" என்று என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் சொன்னபோது நானும் தலையசைத்தேன். வசை வாங்குவதும் சம்பளத்துக்குள் அடங்கிய வேலை என்று நாங்களே நம்பத் தொடங்கியிருந்தோம்.

அன்று நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடம் இருக்கும். இரட்டை மஞ்சள் கோட்டில் ஒரு வாகனம் நின்றது. பொருள் ஏற்றி இறக்கும் வேலை ஏதும் நடக்கிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்திருந்துவிட்டு, தண்டப்பண அறிவித்தலை அச்சிட்டு, அதைக் கண்ணாடியில் ஒட்டுவதற்காகக் குனிந்தேன். எதிர்ப்புறக் கடையிலிருந்து சாரதி ஓடி வந்து கண்ணாடியை மறைத்து நின்றார். முதலில் அவர் சொன்னது என் நிறத்தைப் பற்றிய ஒரு சொல். அடுத்து, உன்னுடைய நாட்டுக்கே திரும்பிப் போ என்பது. அந்த நொடியில்தான் என் மார்பில் இருந்த கமெராவின் பொத்தானை அழுத்தி, பதிவு செய்கிறேன் என்று சொன்னேன். அவர் சற்று விலகினார், தொண்டையைக் காறினார், முகத்தை நோக்கித் துப்பினார். முகத்தைக் காக்கக் கையைத் தூக்கினேன். எச்சில் இடது முழங்கைக்குச் சற்றுக் கீழே விழுந்து வழிந்தது.

அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, அடுத்த தெரு முனையில் நின்று 999 ஐ அழைத்தேன். பிறகு மேற்பார்வையாளரை அழைத்தேன். அவர் சொன்ன முதல் வாக்கியம், துடைக்க வேண்டாம் என்பது. அவர் வந்து மேலங்கியைக் கழற்றச் செய்து, பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிச் சான்று கெட்டுவிடும் என்று கூறி, ஒரு காகிதப் பையில் அதை இட்டு, நேரமும் கையொப்பமும் எழுதி மூடினார். அந்தக் குளிரில் மேலங்கி இல்லாமல் வாகனத்தில் அமர்ந்திருந்தபோது, என் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தந்து, அந்த ஆள் சொன்ன சொற்களை அவர் சொன்ன ஒழுங்கிலேயே, ஒரு எழுத்தையும் நாகரிகப்படுத்தாமல் இப்போதே எழுதுங்கள் என்றார். எழுதினேன், கை நடுங்கிற்று. எழுதி முடித்த நேரத்தையும் கீழே குறித்தேன்: நான்கு மணி பத்து நிமிடம். அந்த அரைப் பக்கம்தான் பின்னால் வழக்கைத் தாங்கிற்று என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

காரணம், கமெராவின் இயல்பு. எங்களுடைய கருவி, பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய முப்பது விநாடிகளையும் சேர்த்துச் சேமிக்கும். ஆனால் அந்தப் பகுதியில் படம் மட்டுமே இருக்கும், ஒலி இருக்காது. இன வசை முழுவதும் அந்த மௌன விநாடிகளுக்குள் அகப்பட்டுக்கொண்டது. துப்பிய கணத்திலோ, தூக்கிய என் கையே வில்லையை மறைத்துவிட்டது. பார்ப்பவருக்கு, வாய் அசைகிற ஒரு மனிதரும் பிறகு ஒரு கறுப்புத் துணியும் மட்டுமே தெரியும். பதிவுகள் 31 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், மறுநாளே அந்தப் பதிவைத் தனியே பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொண்டேன். இதை வாய்ச் சொல்லாகக் கேட்டுவிட்டு மறந்தவர்களின் முறைப்பாடுகள் ஒரு மாதத்தில் சான்றில்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி நான் அறிந்துகொண்டது இந்த வழக்கின் போதுதான். அவசரச் சேவைப் பணியாளர்களைத் தாக்கும் குற்றம் பற்றிய 2018 ஆம் ஆண்டுச் சட்டம் பொலிஸார், தீயணைப்புப் படையினர், மருத்துவச் சேவையினர் போன்றோரைக் காக்கிறது. எங்களை அது உள்ளடக்கவில்லை. ஆயினும் 2022 இல் வந்த பொலிஸ், குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் பற்றிய சட்டத்தின் 156 ஆம் பிரிவு, பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரையும் பணியின்போது தாக்கினால், தண்டனை விதிக்கும்போது அதைக் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் காரணியாக நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது. ஒருவர் மீது துப்புவதும் சட்டத்தின் பார்வையில் தாக்குதலே. சாதாரணத் தாக்குதலுக்கு உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறை. அது இன வெறுப்போடு செய்யப்பட்டது என்று நிறுவப்பட்டால், 1998 ஆம் ஆண்டின் குற்றம், ஒழுங்கின்மைச் சட்டப்படி இரண்டு ஆண்டுகள். மேலும், சாதாரணத் தாக்குதலுக்குரிய வழக்கை ஆறு மாதங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். ஆகவே குறிப்புப் புத்தகத்தில் இருந்த அந்த இரண்டு வசனங்களின் பெறுமதியை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

வாக்குமூலம் பெற வந்த பொலிஸ் உத்தியோகத்தர் கனிவாகவே நடந்துகொண்டார். ஆனால் ஜனவரி இறுதியில், மேலதிக நடவடிக்கை இல்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. சந்தேகநபர் விசாரணையில் வசையை மறுத்திருக்கிறார். கோபத்தில் கத்தியபோது வாயிலிருந்து எச்சில் தற்செயலாகத் தெறித்தது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த மின்னஞ்சலை வாசித்த இரவு எனக்குத் துப்பப்பட்ட நாளைவிடக் கொடியதாக இருந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. பல ஆண்டுகளாக எதையும் எழுதாமல் விட்டவன் ஒரு முறை முழுமையாக எழுதியதற்கும் இதுதான் பதிலா என்று மனம் கொதித்தது.

தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் தொலைபேசியில் சொல்லித்தான், அந்த முடிவை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்பதை அறிந்தேன். கோரிக்கையை உணர்ச்சி கலக்காமல் ஒரே பக்கத்தில் எழுதினேன். குறிப்புப் புத்தகப் பக்கத்தின் பிரதியை இணைத்தேன். ஒலி கேட்கும் பகுதியை ஹெட்போன் அணிந்து கேட்குமாறு வேண்டினேன். மீளாய்வு செய்த வேறோர் உத்தியோகத்தர் அப்படியே கேட்டிருக்கிறார். துப்புவதற்கு இரண்டு விநாடி முன்னதாக, தொண்டையைக் காறும் ஒலி அதில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. தற்செயலாகத் தெறிக்கும் எச்சிலுக்கு யாரும் முன்கூட்டிக் காறுவதில்லை. கோப்பு அரச வழக்குத் தொடுநர்களிடம் சென்றது. ஏப்ரல் மாதத்தில், இன வெறுப்போடு செய்யப்பட்ட தாக்குதல் என்று குற்றம் சாட்டப்பட்டது.

நீதிமன்றத்துக்கு முன், பாதிக்கப்பட்டவரின் தனிப்பட்ட வாக்குமூலம் ஒன்றைத் தரலாம் என்றார்கள். அதில் நடந்ததைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அது நம்மை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம் அந்தத் தெருவைத் தவிர்த்து நடந்ததையும், என் மகள் கேட்டபோது மேலங்கி தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னதையும் எழுதினேன். என்னை வேலைக்கு அமர்த்திய நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு பாதிப்பு அறிக்கை கொடுத்தது. நிறுவனங்களுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைப் பல மேலாளர்கள் அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

ஜூலையில் நீதவான் நீதிமன்றத்தில், சாட்சியம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஊதியமில்லாச் சமூக வேலை 120 மணித்தியாலம், எனக்கு இழப்பீடு 200 பவுண். தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது, எச்சில் பட்ட நாளில் எனக்குள் இறுகிய ஏதோ ஒன்று தளர்ந்தது. அந்தத் தண்டப்பண அறிவித்தலோ தபாலில் எப்போதோ அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒட்டவிடாமல் தடுத்தால் அதைத் தபாலில் அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. அச்சான டிக்கெட்டை ரத்துச் செய்யும் அதிகாரமும் என்னிடம் இல்லை. ஆட்சேபனையை நகரசபையிடமும், பின்னர் சுயாதீன நடுவரிடமும் எழுத்தில் வைக்கலாம். எங்களுக்கு டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைப்பதாகப் பலர் நம்புகிறார்கள். எண்ணிக்கைக்கு இலக்கு வைக்கக் கூடாது என்று அரசின் வழிகாட்டலே கூறுகிறது. இவற்றைப் பொறுமையாகச் சொல்லக் கிடைத்த தருணங்களில் கோபம் தணிந்து போன சாரதிகள் பலரை நான் கண்டிருக்கிறேன்.

வழக்கு முடிந்த பின் அலுவலகத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. அந்தத் தெருவுக்கு மாலையில் இருவராகவே போகிறோம். முன்பு 'வாய்மொழி வசை' என்று ஒரு கட்டத்தில் அடையாளமிட்டு முடித்த படிவத்தில், இப்போது 'சொல்லப்பட்ட சொற்கள், சொல்லப்பட்ட ஒழுங்கில்' என்று ஒரு வெற்றிடம் இருக்கிறது. சென்ற மாதம், ரிப்போட் வேண்டாம் என்று அன்று சொன்ன அதே தம்பி, அந்த வெற்றிடத்தில் ஏழு வரி எழுதி, நேரத்தையும் குறித்து, கையொப்பத்துக்காக என்னிடம் கொண்டுவந்தார். நான் முழுவதும் வாசித்து, சாட்சியாக ஒப்பமிட்டேன்.