எகரில் ஒரு டம்ளர் காளை ரத்தம்

முதலில் அந்த டாக்ஸிக்காரரைத் திட்டிவிடுகிறேன். ஹங்கேரியின் எகர் ரயில் நிலையத்திலிருந்து 'அழகியின் பள்ளத்தாக்கு' 2 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மீட்டரே போடாமல் 6,000 ஃபோரின்ட் வாங்கிவிட்டார். நம் காசுக்கு 1,400 ரூபாய். புடாபெஸ்ட்டிலிருந்து 2 மணி நேரம் ரயிலில் வந்ததற்கே அவ்வளவு ஆகவில்லை.

சரி, பள்ளத்தாக்குக்கு வருவோம். மலையின் மெத்தென்ற எரிமலைக் கல்லைக் குடைந்து வரிசையாக ஒயின் நிலவறைகள். நான் நுழைந்ததில் சுவரெல்லாம் கறுப்புப் பூசணம், தொட்டால் வெல்வெட். ஒரு பெரியவர் நீளமான கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, மேல் துளையை விரலால் அடைத்தார். விரலை எடுத்ததும் கிளாஸில் சிவப்பு நூலாக இறங்கியது. அந்தக் குழாய்க்கு 'லோபோ' என்று பெயர். திருடுகிறது என்று அர்த்தமாம்.

பிகாவேர் கேட்டேன். அதாவது காளை ரத்தம், இந்த ஊரின் கலப்பு ஒயின். அவர் முதலில் வெறும் கேக்ஃப்ரான்கோஷ் திராட்சை ஒயினை ஊற்றினார். நாவல்பழப் புளிப்பு, தொண்டையில் லேசாக மிளகு. அடுத்துதான் பிகாவேர். அதே புளிப்பு, மெர்லோ மாதிரி வேறு திராட்சைகளும் சேர்ந்து கொஞ்சம் சதை பிடித்திருந்தது. 100 மில்லி 500 ஃபோரின்ட். டாக்ஸிக் காசுக்கு 12 கிளாஸ் குடித்திருக்கலாம்!

பக்கத்து நிலவறையில் இரண்டு மடங்கு விலைக்கு இன்னொரு பிகாவேர். பிகாவேரில் கேக்ஃப்ரான்கோஷ்தான் அதிகம் இருக்க வேண்டும் என்பது விதி. என் நாக்குக்கோ எங்கும் கிடைக்கிற கேபர்னே திராட்சையும் ஓக் மர வாசனையும்தான் கிடைத்தன. அதைக் குடிக்க எகருக்கு வர வேண்டியதில்லை.

1552-இல் துருக்கிப் படை எகர் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைத் தளபதி டோபோ இஷ்ட்வானின் வீரர்கள் தாடியில் சிவப்பு ஒயின் வழிய நின்றார்களாம். காளை ரத்தம் குடித்தவர்கள் என்று துருக்கியர் மிரண்டார்களாம். நல்ல கதை. ஆனால் இங்கே சிவப்பு ஒயின் செய்யும் பழக்கத்தையும் கடர்கா திராட்சையையும் கொண்டுவந்தவர்கள், பிற்பாடு துருக்கியருக்கு அஞ்சி வடக்கே வந்த செர்பியர்கள் என்கிறார்கள். கடர்காவுக்குத் தோல் மெல்லிசு, ஈரம் பட்டால் அழுகும். அதனால் 20-ஆம் நூற்றாண்டில் பிகாவேரில் அதன் இடத்தைக் கேக்ஃப்ரான்கோஷ் பிடித்துக்கொண்டது. கம்யூனிஸ்ட் காலத்தில் அரசு ஆலை தரம் பார்க்காமல் ஏராளமாக ஏற்றுமதி செய்து பிகாவேரின் பெயரைக் கெடுத்தது தனிக் கதை.

தங்கும் இடம், பஸ் நேரம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோட்டைக்குப் போகவில்லை, நேரம் இங்கேயே போய்விட்டது. கிளம்பும்போது பெரியவர் என் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலிலேயே 1 லிட்டர் பிகாவேர் பிடித்துக் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தேன். மூடியைச் சரியாகத் திருகவில்லை போல. ரயிலில் பையைத் திறந்தால் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் பாதி சிவப்பு. பாட்டிலில் மிச்சம் முக்கால் லிட்டர்.