செகண்ட் ஹேண்ட் சர்வர் பெட்டியும் ஒரு கன்சோல் கேபிளும்

புக்வோர்ம், அதாவது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு, வெளிவந்த புதிதில் ஒரு பழைய லினக்ஸ் சர்வர் பெட்டி என் கைக்கு வந்தது. மானிட்டர் செருக இடமில்லை, கீபோர்டுக்கும் இல்லை. முன்பக்கம் இரண்டு வரி காட்டும் சின்னத் திரை, பின்பக்கம் இரண்டு நெட்வொர்க் போர்ட், அவற்றைப் போலவே தோற்றமுள்ள ஒரு கன்சோல் போர்ட் (வேறொரு கணினியிலிருந்து கேபிள் வழியே பெட்டியோடு பேசும் வழி). அவ்வளவுதான்.

இப்படி ஒரு பெட்டி வாங்குபவர்கள் முதலில் கன்சோல் கேபிளைத் தேடிப் பிடியுங்கள். கேபிளை மாட்டியதும் எனக்குக் குப்பை எழுத்துகள்தான் வந்தன. கேபிளில் தகவல் போகும் வேகத்தை 9600-லிருந்து 115200-க்கு மாற்றினேன். பெட்டியைக் கிளப்பும் கிரப் நிரலின் மெனு தெளிவாகத் தெரிந்தது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் தெரியாது என்பதால் அந்த மெனுவிலேயே ஆங்கில 'ஈ' விசையை அழுத்தி, லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும் வரியின் கடைசியில், கட்டளைகள் தட்டும் பாஷ் ஷெல்லுக்கு நேராகப் போகும்படி சேர்த்தேன். டிஸ்க்கை எழுதும் நிலையில் மறுபடி இணைத்து (மவுண்ட் செய்து), புதிய கடவுச்சொல் வைத்தேன்.

உள்ளே இருந்தது டெபியன் 9, ஸ்ட்ரெச். 2017-இல் வந்தது, நீண்டகால ஆதரவும் 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. அழித்துவிட்டுப் புதிதாக நிறுவியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பக்கத் திரையை இயக்கும் ஸ்கிரிப்டும் அமைப்புகளும் அதற்குள்தான் இருந்தன, வேறெங்கும் கிடைக்காது. அதனால் இருப்பதையே படிப்படியாக மேலே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தாக வேண்டும். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையின்படி அது ஓடியது 41,000 மணி நேரம், நாலரை ஆண்டுக்கும் மேல். அது பரவாயில்லை. ஆனால் படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், அதாவது தகவல் வைக்கும் சின்னத் துண்டுகள், 8 என்று காட்டியது. அப்படிப்பட்ட டிஸ்க்கில் அப்டேட் வேலை தொடங்கவே கூடாது. பழுதான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலைக் கொண்டு ஒரு எஸ்எஸ்டிக்கு முழுசாக நகலெடுத்து மாட்டினேன்; பழையதை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். எந்தப் படியில் சறுக்கினாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற நிம்மதி பெரிது.

முன்பு வைத்திருந்தவரின் தடயங்களையும் துடைத்தேன். நெட்வொர்க் வழியே ரூட் கணக்கில் கடவுச்சொல் இல்லாமலே நுழைய மூன்று பேருடைய எஸ்எஸ்ஹெச் சாவிகள் அப்படியே இருந்தன! அவற்றை நீக்கி, பெட்டி தன்னை அடையாளம் காட்டும் சொந்தச் சாவிகளையும் புதிதாக உருவாக்கினேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால் வீட்டுக் கதவைப் பூட்டிக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போலத்தான்.

அப்புறம் அப்டேட். ஸ்ட்ரெச்சின் மென்பொருள் தொகுப்புகள் டெபியனின் பழைய காப்பகத்துக்குப் போய்விட்டதால், அவற்றை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலை அங்கே திருப்பினேன். அப்போதும், தொகுப்புகள் அசல்தான் என்று காட்டும் கையொப்பம் சரியில்லை என்றே பிழை வந்தது. ஒரு மணி நேரம் அந்தக் கையொப்பத்தின் சாவிகளையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் தேதியைப் பார்ப்போம் என்று பார்த்தால் பெட்டி 2008-இல் இருந்தது. கடிகாரத்தை ஓட வைக்கும் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கிறது. அந்தக் கடிகாரப்படி, கையொப்பமிட்ட சாவிகள் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி ஏற்கும்? பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்ததும் எல்லாம் ஓடியது.

டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. 9-லிருந்து 10, பிறகு 11, பிறகு 12. ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டுக் குறிப்பைப் படித்தேன். 10-க்குப் போகும்போது நெட்வொர்க் போர்ட்டுக்குப் பழைய பாணியில் பெயர் தரும் யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் நிரல்) விதிக் கோப்புக்கு இனி ஆதரவில்லை என்று இருந்தது. கோப்பை நீக்கினேன், ஆனால் நெட்வொர்க் அமைப்பைச் சொல்லும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் பழைய பெயரான ஈத்0-வை மாற்ற மறந்துவிட்டேன். ரீபூட் ஆனதும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு வரவே இல்லை. கன்சோல் கேபிள் மாட்டியே இருந்ததால் உள்ளே போய், என்பி2எஸ்0 என்ற புதுப்பெயரை எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பெட்டி திரும்ப வந்தது. கேபிள் இல்லையென்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டித்தான் திருத்தியிருக்க வேண்டும்.

புல்ஸ்ஐ எனப்படும் 11-இல், சோர்சஸ் பட்டியலின் செக்யூரிட்டி வரியின் பெயர் மாறியிருக்கிறது, 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி' என்று எழுத வேண்டும். பழைய வடிவிலேயே பதிப்புப் பெயரை மட்டும் மாற்றினால் வேலை செய்யாது. 12-இல், சாதனங்களுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கென்றே ஒரு தனிப் பிரிவு வந்திருக்கிறது; ஃபர்ம்வேர் தேவைப்படும் கார்டு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சியது அந்தத் திரை. அதன் ஸ்கிரிப்ட் பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்பில் எழுதப்பட்டது. புக்வோர்மில் பைத்தான் 2 கிடையாது. பிரிண்ட் வரிகளுக்கு அடைப்புக்குறி போடுவது எளிது. திரை இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டுக்கு எழுத்துகளை அனுப்புவதுதான் படுத்தியது: பைத்தான் 3-இல் சாதாரண எழுத்துச் சரத்தை அப்படியே அனுப்ப முடியாது, பைட்டுகளாக மாற்றித்தான் தர வேண்டும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். முதல் வரியில் பெட்டியின் பெயரும் இரண்டாவது வரியில் ஐபி முகவரியும் பச்சை வெளிச்சத்தில் வந்தபோது, அறை விளக்கை அணைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.