பாட்டிலில் வந்த தண்ணீர்

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் 13 ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் நுழைந்தால் காதில் அதிகம் விழுவது ஒரே கேள்விதான்: "உனக்கு எவ்வளவு வந்தது?" ஒருத்தி 19.8 மில்லி என்பாள். பத்து நிமிடத்தில் அந்த வரிசை முழுவதற்கும் 19.8 வந்துவிடும். கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைத் திறக்காதவர்களின் நோட்டிலும் அதுவே இருக்கும்.

தொடக்க ஆண்டுகளில் இதற்காகக் கடுமையாகக் கோபப்பட்டிருக்கிறேன். பிறகுதான் பிள்ளைகளின் கணக்கு புரிந்தது. செய்முறைத் தேர்வில் விடை 2 சதவீதப் பிழைக்குள் இருந்தால் முழு மதிப்பெண். அதற்கு மேல் போகப் போக மதிப்பெண் இறங்கும். சரியான விடை ஏற்கெனவே ஆசிரியரின் தாளில் இருக்கிறது. அதை எப்படியாவது எட்டிப் பிடிப்பதுதான் தங்கள் வேலை என்று அவர்களுக்கு நாங்களே கற்றுக்கொடுத்திருக்கிறோம். பாதிப்பேர் பள்ளியில், நீரை அளந்து உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். சித்தேரி மலையிலிருந்து வரும் பையன் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் இரண்டு வகுப்புகள் போய்விடும். அப்படித் தாமதமாக வந்து நிற்பவன் பக்கத்து நோட்டைப் பார்க்காமல் வேறு என்ன செய்வான்?

இதையெல்லாம் உட்கார்ந்து யோசிக்க அன்றாட வேலை இடம் தருவதில்லை. உதவித்தொகைப் படிவங்கள், 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வராத மாணவிகளின் வங்கிக் கணக்குச் சிக்கல்கள், 75 சதவீத வருகைக்குக் கீழே விழுந்தவர்களின் பட்டியல், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு கேட்கும் கோப்புகள் என்று நாள் ஓடிவிடும். ஆய்வகத்தில் இருக்கும் மூன்று மணி நேரம்தான் நான் ஆசிரியராக இருக்கும் நேரம் என்று சில வாரங்களில் தோன்றும்.

நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவைக் கண்டறியும் சோதனை இரண்டாம் ஆண்டில் வருகிறது. வழக்கமாக நாங்களே உப்பைக் கரைத்து மாதிரி தயாரித்துக் கொடுப்போம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை நிறுத்திவிட்டு, "உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டு வாருங்கள்" என்றேன். மறு வாரம் மேசை முழுக்கப் பழைய குளிர்பான பாட்டில்கள். ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் எழுதி ஒட்டினார்.

அன்று "உனக்கு எவ்வளவு வந்தது?" என்று கேட்டவர்களுக்கு அந்த எண் உதவவில்லை. பக்கத்து மேசையில் இருந்தது வேறு ஊர்த் தண்ணீர். என்னிடமும் விடை இல்லை. பிப்பெட்டால் 20 மில்லி எடுத்து, அம்மோனியா தாங்கல் கரைசலும் நிறங்காட்டியும் சேர்த்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் EDTA கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, திராட்சை ரசச் சிவப்பு நீலமாகும் அந்த ஒரு சொட்டுக்காக முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூம்புக் குடுவையைச் சோதனைக்கான நீராலேயே அலசி, அளவு கூடிப்போகச் செய்துவிட்டவன் தானே வந்து, "தப்பு செய்துவிட்டேன் மேடம், திரும்பச் செய்யட்டுமா?" என்று கேட்டான். அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு பையனின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு 13.2 மில்லி EDTA செலவானது. 0.01 மோலார் செறிவுள்ள அந்தக் கரைசலில் ஒரு மில்லி, ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். கணக்குப் போட்டான்: லிட்டருக்கு 660 மில்லிகிராம். வேறு நீரே கிடைக்காத இடத்தில்கூட 600 வரைதான் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. "அதனால்தான் எங்கள் வீட்டில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது" என்றான். எந்தப் பாடநூலும் கடின நீரை அவனுக்கு அதைவிட நன்றாக விளக்கியிருக்காது.

அதே வகுப்பில் ஒரு மாணவிக்கு 3.4 மில்லிதான் ஆனது. லிட்டருக்கு 170. "எங்கள் தண்ணீர்தான் நல்ல தண்ணீர் மேடம்!" என்று சிரித்தவள், சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். முன்பற்களில் பழுப்புக் கறை. எங்கள் மாவட்டத்தில் இந்தக் கறையைப் பற்றி யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எனக்கு நெஞ்சு கனத்தது. நாங்கள் அளந்தது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும். அந்தக் கறைக்குக் காரணமான ஃபுளோரைடு இந்தச் சோதனையில் சிக்காது. கால்சியம் குறைவான நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எளிதாகக் கரைந்து நிற்கும். அதனால் பருப்பை நன்றாக வேகவைக்கும் தண்ணீரே பல்லையும் எலும்பையும் கெடுப்பதாக இருக்கலாம். வகுப்பில் எதுவும் சொல்லவில்லை. பாட்டிலில் மீதியிருந்ததை அவளிடம் கேட்டு வாங்கி, கட்டணம் கட்டி, மாவட்ட நீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் கொடுத்தேன். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். முடிவு அதைத் தாண்டியிருந்தது.

துறை அறையில் மற்றவர்கள் இல்லாத நேரத்தில் அவளை அழைத்துத் தாளைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தாள்.

"காய்ச்சினால் போய்விடுமா மேடம்?"

"போகாதம்மா. நீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்."

"எங்கள் அக்கா மகனுக்கு மூன்று வயது."

நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது. அவர்கள் தெருவுக்குக் காவிரியிலிருந்து எடுத்து வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள். கூட்டம் அதிகம் என்பதால் கிணற்று நீரையே குடிக்கவும் வைத்துக்கொள்கிறார்களாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமாவது குழாய் நீரைப் பிடித்து வைக்கச் சொன்னேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆய்வக வகுப்புக்கு அவள் இரண்டு பாட்டில்களோடு வந்தாள். ஒன்று தெருக் குழாய் நீர். மற்றொன்று அங்கன்வாடியில் அக்கா மகனுக்குக் குடிக்கக் கொடுப்பது. பட்டியலில் அன்று அவளுக்கு வேறு சோதனை இருந்தது. அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பியூரெட்டை மூன்று முறை அலசி நிரப்பினாள். அங்கன்வாடி பாட்டிலிலிருந்து ஒரு பாதியை நான் தனியாக எடுத்து மூடி வைத்தேன்.