லாரி பல்பு வைத்துப் பார்த்து எடுத்த பவர் சப்ளை

அப்பாவின் பழைய டேப் செட்டோடு வந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் பாலக்கோட்டில் எங்கள் வீட்டுப் பரணில் பல வருடமாகக் கிடந்தன. எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், காந்தத்தின் பின்னால் 8 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. பேப்பர் கொஞ்சம்கூடக் கிழியவில்லை. அவற்றை மறுபடி பாட வைக்க வேண்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன். ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒரே வாரத்தில் தயார். அதற்குக் கரண்ட் கொடுக்க ஏற்ற பவர் சப்ளை கிடைக்கத்தான் நான்கு மாதம் ஆயிற்று.

முதலில் செய்தது டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி இரண்டும், நடுவிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் தரும் ஒரு 12-0-12 டிரான்ஸ்பார்மரும். நன்றாகத்தான் பாடியது. ஆனால் எங்கள் பக்கம் தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வீட்டில் 185 வோல்ட்தான் வரும். மோட்டார்கள் நின்றபின் 250ஐத் தொடும். டிரான்ஸ்பார்மரின் 12 வோல்ட் ஏசி, டயோடு பிரிட்ஜையும் கண்டென்சரையும் தாண்டும்போது 1.414 மடங்காகி 17 வோல்ட் டிசி பக்கம் வந்துவிடும். லைனில் 250 இருந்து, சத்தமும் குறைவாக வைத்திருந்தால் அது 18ஐயும் தாண்டும். அந்த ஐசி தாங்குவது பிளஸ், மைனஸ் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 18 வோல்ட் வரைதான். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு இடது பக்கம் போய்விட்டது. தொட்டுப் பார்த்தால் ஹீட்சிங்க் கொதித்தது.

அதனால்தான் கரண்டை வேகமாக வெட்டி வெட்டி வோல்ட்டை மாற்றும் எஸ்எம்பிஎஸ் வகை சப்ளை பக்கம் வந்தேன். உள்ளே வரும் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும், அது வெளியே போவதைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். எங்கள் ஊர் லைனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஐசியையும் மாற்றினேன். டிபிஏ 3116, கிளாஸ் டி வகை, அதாவது ஒலியை வேகமான ஆன்-ஆஃப் துடிப்புகளாக்கிப் பெருக்குவது. பிளஸ், மைனஸ் என இரட்டைச் சப்ளை வேண்டாம், ஒற்றைச் சப்ளை போதும். 4.5 முதல் 26 வோல்ட் வரை ஓடும்.

ஆனால் எத்தனை வோல்ட் வாங்குவது? கடையில் எல்லாரும் வாட் கேட்கிறார்கள், ஆம்பியர் கேட்கிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது, ஸ்பீக்கருக்குள் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்வது வோல்ட்டும் ஓமும்தான் என்று. இந்த வகை போர்டில் வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுத்தால், ஒலி உடையாமல் ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வாட் ஏறத்தாழ வந்துவிடும். 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட். 19 வோல்ட்டில் 22. 24 வோல்ட்டில் 36. ஐசியில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். 12 வோல்ட்டில் முப்பது ஆம்பியர் சப்ளை வைத்தாலும் அந்த 9 வாட் அதிகமாகாது.

சரி, என் முதல் சப்ளை 12 வோல்ட், 10 ஆம்பியர். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கியது. கையில் எடுத்தபோதே காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். ஒவ்வொரு பலமான அடிக்கும் ஒலி நசுங்கியது. 12 வோல்ட்டுக்கு இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து உச்சத்தில் 3 ஆம்பியர்தான் இழுக்கும். பத்து தருகிறேன் என்று எழுதியிருப்பது மூன்றுக்கே திணறலாமா?

சந்தேகம் வந்ததால் ஒரு 12 வோல்ட் ஹெட்லைட் பல்பை மாட்டிப் பார்த்தேன். 55 வாட் இழை, நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பு எரிந்தது, ஆனால் மல்டிமீட்டரில் 12.1 ஆக இருந்தது 10.4க்கு இறங்கி நின்றது. அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். இப்போது மாடிப்படியில் எல்இடி ஸ்ட்ரிப் எரிக்கிறது, அந்த வேலைக்கு அது போதும்.

அடுத்து, பழைய லேப்டாப் அடாப்டர். 19 வோல்ட், 4.74 ஆம்பியர். உண்மையைச் சொன்னால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதோடு நின்றுவிடலாம். உள்ளே திறக்கத் தேவையில்லை, 230 வோல்ட் ஒயரில் கை படாது, அறைக்குப் போதுமான சத்தம் வரும். இரண்டு மாதம் இதில்தான் கேட்டேன். தவில் இந்த முறை நசுங்கவில்லை. ஆனாலும் அந்த எட்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

தருமபுரியில் பழைய விளம்பரப் போர்டுகளைப் பிரிக்கும் ஒரு கடையில் 24 வோல்ட், 6.5 ஆம்பியர் சப்ளை ஒன்று கிடைத்தது. ஓட்டை ஓட்டையான அலுமினிய மூடி, கையில் வைத்தால் கனம் தெரிகிறது. 450 ரூபாய். இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து உச்சத்தில் இழுப்பது 6 ஆம்பியர், அதுவும் கண நேரம்தான், ஆகவே அளவு சரி. வாங்கியதும் லைனில் மாட்டவில்லை. பக்கவாட்டு ஓட்டைக்குள் ஒரு சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும், 115 அல்லது 230. அது 115இல் இருந்தது. அந்த நிலையில் உள்ளே வோல்ட் இரட்டிக்கும். நம் லைனைக் கொடுத்தால் 325க்குப் பதில் 650 வோல்ட் ஆகும், கண்டென்சர்கள் வெடிக்கும். டெஸ்டர் முனையால் 230க்குத் தள்ளினேன்.

போர்டை இணைக்காமல் ஆன் செய்து அளந்தேன். 27.6. விளம்பரப் போர்டுக்கு நீள ஒயர் இழுத்தவர்கள், வழியில் விழும் வோல்ட்டைச் சரிக்கட்ட ஏற்றி வைத்திருப்பார்கள் போல. நேராக இணைத்திருந்தால் 26 எல்லை உள்ள ஐசியின் கதி என்ன ஆகியிருக்கும்? டெர்மினல் பக்கத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் துளித் துளியாக இடப்பக்கம் திருப்பினேன். 27, 26.2, 25... 24.0 வந்ததும் கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் பல்பு சோதனை. தக்காளி மார்க்கெட்டுக்கு லாரிகள் வந்துபோகும் ஊரில் 24 வோல்ட் ஹெட்லைட் பல்பு கிடைப்பதற்கா பஞ்சம்? 75 வாட் ஒரு இழை, 70 வாட் ஒரு இழை. இரண்டையும் சேர்த்து எரித்தால் 6 ஆம்பியர், நமக்கு வேண்டிய அதே அளவு. ஒரேயடியாகக் கொடுத்தபோது சப்ளை பயந்து டிக் டிக் என்று அணைந்து அணைந்து எரிந்தது. குளிர்ந்த இழை முதலில் பல மடங்கு இழுக்கும், அதுதான் காரணம். ஒரு இழையை எரியவிட்டு, இரண்டு நொடி கழித்து மற்றதைச் சேர்த்தேன். நின்றது. மீட்டரில் 23.8. இரண்டு நிமிடத்தில் பல்பின் அருகே கை வைக்க முடியவில்லை, சப்ளையோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்த 23.8ஐப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

போர்டு பாடியது, சத்தம் சுத்தம். ஆனால் ஆடியோ பின்னின் உலோக வளையத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்றது. டெஸ்டர் மங்கலாக எரிந்தது. வளையத்துக்கும் தரைக்கும் நடுவே 104 வோல்ட் ஏசி. சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர்கள் லைனிலிருந்து அதன் உலோகக் கூட்டுக்கும், கூட்டிலிருந்து மைனஸுக்கும் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கூடு லைனின் பாதி வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் கொஞ்சம்தான், ஆனால் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். கிணற்றடியில் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். "தம்பி, வெயில் காலத்துல தண்ணி ஊத்த மறக்காத. மண்ணு காஞ்சா எர்த்து இருந்தும் இல்லாத மாதிரிதான்" என்றார். கூட்டையும் மைனஸையும் எர்த்தில் சேர்த்தபின் அளந்தேன், ஒரு வோல்ட்கூட இல்லை. சப்ளைக்கு ஆன வேலையில் பாதி இதற்கே போனது, செலவு அதைவிட அதிகம். ஆனால் இதைச் செய்யாமல் அந்தப் பெட்டியை வீட்டுக்குள் வைக்க எனக்கு மனம் வந்திருக்காது.

போனிலிருந்து பாட்டு வாங்கும் ப்ளூடூத் போர்டுக்கு அதே 24 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் இறக்கியதால் பாட்டுக்குப் பின்னால் மெல்லிய கீச்சொலி கேட்டது. பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேட்டர் (5 வோல்ட்டை நேரடித் தொடர்பு இல்லாமல் பிரித்துக் கொடுப்பது) ஒன்றை நடுவில் வைத்ததும் நின்றுவிட்டது.

இப்போது வோல்ட் 185க்கு இறங்கும் சாயங்காலத்திலும் மீட்டர் 24.0 காட்டுகிறது. அப்பா விடியற்காலையில் நாதஸ்வரம் போட்டுவிட்டு, வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறார். சப்ளைக்கு மரப்பெட்டி அடிக்க வேண்டும், காற்றுப் போக மேலும் கீழும் ஓட்டை விட்டு. பலகை அறுத்து வைத்திருக்கிறேன்.